பீரோவில் இருந்த பதினோரு பைகள்: வீட்டுக் காகிதங்களைப் போனுக்குள் கொண்டுவர ஒரு வழிகாட்டி

அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பழைய ரத்தப் பரிசோதனை முடிவையும் முன்பு எடுத்த இசிஜி தாளையும் கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். "பீரோல நடுத்தட்டு, நீலப் பை" என்றார் அப்பா. நீலப் பையைக் கவிழ்த்தால் 1998-ல் எடுத்த கேஸ் இணைப்பின் ரசீது, அக்காவின் ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டு, யாரும் நிரப்பாத ஒரு மிக்ஸி உத்தரவாத அட்டை. ரத்தப் பரிசோதனை முடிவு கடைசியில் காலண்டர் மாட்டிய ஆணியில் கிடைத்தது. இசிஜி தாளும் கிடைத்தது. விரித்துப் பார்த்தால் வெறும் இளஞ்சிவப்புக் கட்டம் மட்டும். கோடுகள் எல்லாம் மறைந்து போயிருந்தன.

இப்படி மொத்தம் பதினோரு பைகள். பாதி மஞ்சப்பை, மீதி ஜவுளிக்கடைப் பை. அவற்றைக் குறைக்க எனக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இப்போது பீரோவில் இருப்பது ஒரே ஒரு ஃபைல். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். கணினி வேண்டாம், சுமாரான ஓர் ஆண்ட்ராய்டு போன் போதும்.

ஆனால் போனை எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் ஞாயிறு, கைக்கு வந்ததையெல்லாம் ஸ்கேன் செய்து தள்ளினேன். மாலைக்குள் இருநூறு கோப்புகள். எதற்கும் பெயர் இல்லை, எது எந்த வருடத்தது என்றும் தெரியவில்லை. பீரோவில் இருந்த குப்பை போனுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடுத்த ஞாயிறு தரையில் பாயை விரித்தேன்.

பாயில் நான்கு குவியல்

ஒரு நேரத்தில் ஒரு பையை மட்டும் கொட்டுங்கள். பதினொன்றையும் கொட்டினால் மதியத்துக்குள் மனம் சலித்துப்போய், அப்படியே அள்ளித் திரும்பப் பையில் போட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு தாளையும் எடுத்து நான்கில் ஒரு குவியலில் வையுங்கள்.

முதல் குவியல், அசல்தான் செல்லும் என்பவை. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், உயில், மதிப்பெண் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், எல்ஐசி பாண்டு, வைப்புத்தொகை ரசீது. இவற்றை ஸ்கேன் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் ஸ்கேன் இருக்கிறதே என்று அசலை அலட்சியமாக வைக்கக் கூடாது. கிரயப் பத்திரம் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், செய்தித்தாளில் விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று வரிசையாக அலைய வேண்டும். அப்படியும் வங்கியில் வீட்டை வைத்துக் கடன் வாங்கப் போனால் அசல் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். எல்ஐசி பாண்டும் முதிர்வுத் தொகை வாங்கும்போது கேட்கப்படும்.

இந்தக் குவியலில் எங்கள் வீட்டில் ஓர் ஆச்சரியம் இருந்தது. அப்பா எப்போதோ வாங்கி மறந்துபோன பங்குப் பத்திரங்கள், காகிதத்திலேயே. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்குகளை அப்படியே விற்று இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குக்குக் கொண்டுபோன பிறகுதான் விற்க முடியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளர் யார் என்று பார்த்து அவருக்கு எழுத வேண்டும்.

இரண்டாவது குவியல், தகவல் போதும், தாள் வேண்டாம் என்பவை. கடை பில்கள், மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், வீட்டு வரி ரசீதுகள், பள்ளிக் கட்டண ரசீதுகள். போனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இது.

மூன்றாவது, ஸ்கேன்கூட செய்யாமல் எறிய வேண்டியவை. இதுதான் எப்போதும் பெரிய குவியலாக இருக்கும். ஏடிஎம் சீட்டுகள், பத்து வருடத்துக்கு முந்தைய கரண்ட் பில், எப்போதோ விற்றுவிட்ட டிவியின் கையேடு (இப்போது இருக்கும் டிவிக்கும் கையேடு வேண்டாம், நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும்), காலாவதியான பாலிசியின் விளம்பரத் தாள், பட்டாவின் பழைய பிரிண்ட் அவுட். பட்டா, சிட்டா இரண்டையும் தமிழ்நாடு அரசின் இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வில்லங்கத்தையும் பதிவுத்துறைத் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. நேற்று எடுத்த பிரிண்டைவிட இன்று எடுப்பதுதான் செல்லுபடியாகும் என்னும்போது பழையதைப் பத்திரப்படுத்தி என்ன பயன்?

நான்காவது குவியல், அம்மாவைக் கேட்க வேண்டியவை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எவ்வளவு நாள் வைப்பது என்ற கேள்வி உடனே வரும். இது என் கணக்கு: வருமான வரி தொடர்பானவை எட்டு ஆண்டு. கரண்ட் பில், தொலைபேசி பில் எல்லாம் முகவரிச் சான்றுக்குக் கடைசியாக வந்த ஒன்று போதும். வீடு, நிலம், நகை வாங்கிய பில்கள் அவற்றை விற்கும் வரை. நகை பில்லையும் வீடு கட்டியபோது கொடுத்த கொத்தனார், சிமெண்ட், கம்பிக் கணக்கையும் பலர் முதலில் எறிகிறார்கள். பின்னாளில் விற்கும்போது லாபத்துக்கு வரி கணக்கிட வாங்கிய விலையையும் கட்டிய செலவையும் காட்ட வேண்டியிருக்கும்.

போனில் ஸ்கேன் செய்வது

கேமராவில் போட்டோ எடுப்பது வேறு, ஸ்கேன் செய்வது வேறு. போட்டோவில் மேசையும் உங்கள் விரலும் சேர்ந்து விழும். அது கேலரியில் பேரனின் படத்துக்கும் சாம்பார் படத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கேன் செய்தால் தாளின் நான்கு மூலைகளையும் போனே கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, நிழலைக் குறைத்து, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும்.

இதற்குத் தனி ஆப் தேடி அலைய வேண்டாம். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் ஆப்பிலேயே ஆவணத்தை ஸ்கேன் செய்யும் வழி இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாப் போனிலும் இருந்த கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்று. பழைய போனில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத இடத்தில் செய்யுங்கள். டியூப்லைட்டுக்கு நேர்கீழே வைத்தால் உங்கள் தலையின் நிழலே தாளில் விழும். வெள்ளைத் தாளுக்கு அடியில் அடர்நிறப் போர்வையோ கறுப்பு நாற்காலிப் பலகையோ இருந்தால் மூலைகள் சட்டெனப் பிடிபடும். மடிப்பு இருந்தால் முந்தின நாளே ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். ரசீதின் முதுகில்தான் கடைக்காரர் பாக்கித் தொகையைப் பேனாவால் எழுதியிருப்பார்.

முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை வழவழப்பான, மெல்லிய பில்கள். சூப்பர் மார்க்கெட், மின்சாதனக் கடை, ஏடிஎம் எல்லாம் தருவது தெர்மல் காகிதம். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. அதனால்தான் வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் எண்ணெய்க் கை பட்டாலும் அது மங்கிப்போகிறது. இசிஜி தாளும் வயிற்று ஸ்கேன் படமும்கூட பெரும்பாலும் இதே வகைக் காகிதம்தான். அப்பாவின் இசிஜி வெறும் கட்டமாக நின்றது அதனால்தான். எங்கள் ஃப்ரிட்ஜ் பில்லையும் பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தோம். கம்ப்ரஸர் உத்தரவாதத்துக்குக் கேட்டபோது எடுத்துக் கொடுத்தோம். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களையும் பார்த்தார். ஏதாவது பொருள் வாங்கினால், வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவிலேயே பில்லை ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பெயர் வைப்பது

ஸ்கேன் முடிந்ததும் போன் தானாக ஒரு பெயர் வைக்கும். அதை அப்படியே விட்டால் நீலப் பைக்கும் டிரைவுக்கும் வித்தியாசம் இல்லை. அப்போதே மாற்றுங்கள். முதலில் தேதி, அதிலும் முதலில் வருடம், அப்புறம் யாருடையது, அப்புறம் என்ன. இப்படி:

2024-03-18 அப்பா ரத்தப் பரிசோதனை
2024-06-02 வீடு சொத்து வரி ரசீது
2023-11-09 ஃப்ரிட்ஜ் பில்

வருடத்தை முன்னால் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போன் பெயர் வரிசைப்படி அடுக்கும்போது தானாகவே காலவரிசையாகிவிடும். 18-03-2024 என்று போட்டால் எல்லா வருடத்துப் பதினெட்டாம் தேதிகளும் ஒன்றாக நிற்கும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தமிழிலேயே தேடலாம். ஆனால் ஒரு முறை 'பில்', ஒரு முறை 'ரசீது', ஒரு முறை 'இன்வாய்ஸ்' என்று மாற்றி மாற்றி வைத்தால் தேடும்போது நீங்களே குழம்புவீர்கள்.

ஃபோல்டர்களைக் குறைவாக வையுங்கள். எங்கள் வீட்டில் ஆறு: ஆளுக்கு ஒன்று என நான்கு, வீடு ஒன்று, பொருட்கள் ஒன்று. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று தோண்டிக்கொண்டே போகும் ஆசை வரும், எனக்கும் வந்தது. பையைப் பைக்குள் போடும் பழக்கம்தான் அது, வேறொன்றுமில்லை.

இடம் போதுமா என்று கவலை வேண்டாம். ஒரு கூகுள் கணக்குக்கு 15 ஜிபி இலவசம். அதை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்கேன் செய்த ஆயிரம் பக்கங்கள் வழக்கமாக ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். இடத்தைத் தின்பது காகிதம் இல்லை, கல்யாண வீடியோ.

டிஜிலாக்கர்: எது செல்லும், எது செல்லாது

ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்சி, ஆதார், பான் இவற்றை ஸ்கேன் செய்து வைப்பதைவிட டிஜிலாக்கரில் எடுப்பது மேல். ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ளும் பெட்டி இது, 2015-ல் இந்திய அரசு தொடங்கியது. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, ஆதாரில் பதிந்துள்ள மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து, ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை வைத்துக்கொண்டால் கணக்கு தயார். ஆதாரில் பழைய எண், மறந்துபோன எண் இருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள். அது இல்லாமல் எதுவும் நகராது.

புதியவர்கள் இங்கே சறுக்கும் ஓர் இடம் உண்டு. டிஜிலாக்கரில் இரண்டு வகை ஆவணங்கள் இருக்கும். ஒன்று, அந்தந்தத் துறையிடமிருந்து நேரடியாக வருபவை. மற்றது, நீங்களே போட்டோ எடுத்து ஏற்றுபவை. 2017 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தப்படி, துறையிடமிருந்து வரும் ஆவணம் அசலுக்குச் சமம். நீங்கள் ஏற்றியது வெறும் நகல்தான். வண்டி ஆவணங்களை இப்படிக் காட்டினால் ஏற்க வேண்டும் என்று 2018-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது, மோட்டார் வாகன விதிகளும் அதே ஆண்டு திருத்தப்பட்டன. ஆகவே போக்குவரத்துக் காவலர் நிறுத்தும்போது கேலரியில் இருக்கும் உரிமத்தின் போட்டோவைக் காட்டி வாதாடாதீர்கள். டிஜிலாக்கரைத் திறந்து காட்டுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இதில் ஒரு தலைவலி இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால், உரிமத்தில் முன்னால், பானில் அப்பா பெயர் முழுதாக. பெயர் பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். என் அப்பாவின் பெயர் மூன்று அட்டையில் மூன்று விதமாக இருந்தது. ஏதோ ஒன்றைத் திருத்தத்தான் வேண்டும், குறுக்குவழி இல்லை. அதே போல, கணினிக்கு முந்தைய காலத்துப் புத்தக வடிவ உரிமம் என்றால் அது இணையத்தில் இல்லாமல் இருக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிப் பழைய பதிவை ஏற்ற வேண்டும்.

காப்பீட்டுப் பாலிசிகளுக்கும் இப்படி ஒரு பெட்டி உண்டு, இ-இன்சூரன்ஸ் கணக்கு என்பார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் புதுப் பாலிசிகளை மின்னணு வடிவில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பழைய காகித பாண்டுகளை அதில் சேர்த்தாலும் பாண்டை எறிய வேண்டாம், முதல் குவியலிலேயே இருக்கட்டும்.

ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கும் ஆதார் பிடிஎஃப் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த வருடம். வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கைகளும் இப்படித்தான் பூட்டி வரும், ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு முறை. பூட்டோடு சேமித்து வைத்து மூன்று வருடம் கழித்துத் திறக்க முயன்றால் வெறுத்துப்போகும். சேமிக்கும் அன்றே என்ன முறை என்று ஃபோல்டரில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

மருத்துவக் காகிதம்

ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டதே இதற்காகத்தான். மருந்துச் சீட்டில் மருத்துவரின் கையெழுத்தைப் போன் படிக்காது, நாமும் படிக்க முடியாது. அதனால் கோப்பின் பெயரில் எந்த மருத்துவர், எதற்காக என்று எழுதிவிடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமை ஸ்கேன் ஆப்பில் எடுத்தால் கறுப்பாகத்தான் வரும். வீட்டில் கணினி இருந்தால் அதன் திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஃபிலிமை அதன்மேல் பிடித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு சாதாரணப் போட்டோ எடுங்கள். மருத்துவர் முடிவு சொல்ல அது போதாது, எப்போது எடுத்தது, எந்த எலும்பு என்று காட்டப் போதும். ஃபிலிமையும் கூடவே வைத்திருங்கள்.

தினமும் போடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை, ரத்த வகை இவற்றைத் தனியாக ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து அந்த ஃபோல்டரின் தலையில் வைத்தேன். பெயருக்கு முன் 00 என்று போட்டால் எப்போதும் முதலில் நிற்கும். இத்தனை வேலையில் அதிகம் பயன்பட்டது இந்த ஒரு பக்கம்தான்.

எறியும்போது

மூன்றாவது குவியலை அப்படியே பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற்றிவிடாதீர்கள். டீக்கடையில் பஜ்ஜியை மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒருவரின் ஆதார் நகலை நானே பார்த்திருக்கிறேன். போட்டோ, கையெழுத்து, எண் மூன்றும் தெளிவாக இருந்தன, எண்ணெய்க் கறையைத் தவிர. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து இவை உள்ள தாள்களைத் தனியாகப் பிரித்து, கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுங்கள். காலையில் கூழாகிவிடும். அம்மா அதை உருண்டை பிடித்து உரக்குழியில் போட்டார். தெர்மல் பில்களை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம், அந்தப் பூச்சு மண்ணுக்கு நல்லதில்லை.

இனிமேல் எங்காவது ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் வடிவத்தையே இறக்கிக் கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையின் வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால், கிளம்பும் முன் அவர்கள் கண் முன்னேயே அழிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போனிலும் ஒரு நீலப் பை இருக்கிறது

அதன் பெயர் வாட்ஸப். குடும்பக் குழுவில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்கள், வெள்ளிக்கிழமை அம்மன், பிரதோஷத்து நந்தி என எல்லாம் உங்கள் கேலரியில் வந்து குவிந்துகொண்டே இருக்கும். பெரியப்பாவிடம் அனுப்பாதீர்கள் என்று சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். அமைப்புகளில் சாட்ஸ் பகுதிக்குப் போய், படங்களைக் கேலரியில் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். சேமிப்பகப் பகுதியில் தானாக இறங்குவதையும் நிறுத்தலாம். அங்கேயே எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். மாதம் ஒரு முறை அங்கே போய் மொத்தமாக அழிக்கலாம்.

இன்னொன்று. முக்கியமான ஆவணத்தை வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால் 'அங்கேதான் இருக்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே டிரைவுக்கு நகர்த்தி, பெயர் வையுங்கள். போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி, கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பு, வந்தால் தொடவே தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் ஓடிபிகளைத் திருடிவிடுவார்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நான்காவது குவியல்: அம்மா, மொய் நோட்டு, காலண்டர்

"எத வேணா தூக்கிப் போடு, மொய் நோட்டத் தொட்டுராத" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் பக்கம், அதாவது மதுரை வட்டாரத்தில், மொய் நோட்டு என்பது வீட்டின் கடன் கணக்கு. மூலையில் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒரு பத்திரிகை வந்ததும் நான்கு நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று அம்மா விரல் வைத்துத் தேடுவார். அக்கா கல்யாணம், என் கல்யாணம், வீட்டுக் கிரகப்பிரவேசம், அக்கா மகள் காதுகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. ஒருவர் பெயர் நான்கிலும் இருக்கும். தேடுவதற்குள் அரை நாள் போய்விடும்.

இதற்கு ஸ்கேன் பயன்படாது. கையெழுத்தைப் போன் சரியாகப் படிக்காது, படமாக இருந்தால் தேட முடியாது. கூகுள் ஷீட்டில் ஆறு பத்திகள் போட்டேன்: ஊர், பெயர், அடையாளம், என்ன விசேஷம், வந்த தொகை, திரும்பச் செய்தது. அடையாளம் என்ற பத்தியைச் சொன்னவர் அம்மாதான். ஒரே ஊரில் ஆறு முருகேசன் இருந்தால் எந்த முருகேசன்? 'டிராக்டர் வைத்திருப்பவர்', 'சின்னம்மா சம்பந்தி' என்று எழுதினோம். நான் தட்டச்சு செய்யவில்லை. அம்மா வாசிக்க, போனின் கீபோர்டில் உள்ள மைக்கில் தமிழில் பேசியே ஏற்றினோம். ஊர்ப் பெயர்களைச் சில நேரம் தப்பாக எழுதியது, திருத்தினோம். நான்கு நோட்டுக்கு இரண்டு ஞாயிறு.

இப்போது பெயரைத் தட்டினால் நான்கு விசேஷமும் ஒரே பார்வையில் தெரிகிறது. திரும்பச் செய்த பத்தி காலியாக இருப்பவற்றை மட்டும் வடிகட்டினால், யாருக்கெல்லாம் இன்னும் செய்ய வேண்டும் என்று வந்துவிடும். விசேஷம் ஏதாவது வரும்போது அம்மாவுக்கு அந்தப் பட்டியல் வங்கிப் புத்தகம் மாதிரி. மதுரை, தேனிப் பக்கம் இப்போது கணினி வைத்தே மொய் எழுதி அங்கேயே சீட்டும் கொடுக்கிறார்கள். அப்படி எழுதியவர்களிடம் கோப்பையும் கேட்டு வாங்கிவிட்டால் இந்த வேலையே மிச்சம். நோட்டுகளை எறிந்தோமா? இல்லை. முதல் குவியலுக்குப் போய்விட்டன.

அழைப்பிதழ்களைப் படம் எடுத்துக்கொண்டு எறிந்துவிட்டோம், சொந்தக் குடும்பத்தினுடையது தவிர. ஜாதக நோட்டை ஸ்கேன் செய்து அசலையும் வைத்தோம். தாத்தா சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதங்களை நான் ஸ்கேன் செய்தேன். அப்பா அவற்றை வாங்கி ஒரு முறை படித்துவிட்டுத் தனியாக எடுத்துப் போனார், எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை. பழைய ஆல்பங்களுக்குக் கூகுளின் போட்டோஸ்கேன் ஆப் நன்றாக இருக்கிறது, ஒரே படத்தை ஐந்து கோணத்தில் எடுத்துப் பளபளப்பை நீக்கிவிடும். ஒட்டும் பக்கங்களில் இருக்கும் படங்களைப் பிய்க்காதீர்கள், இருந்த இடத்திலேயே எடுங்கள்.

தினசரி காலண்டருக்கும் ஆப் இருக்கிறது. ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் வரும். ஆனால் காலையில் எழுந்ததும் அந்தத் தாளைக் கிழிப்பது எங்கள் வீட்டில் அப்பாவின் உரிமை. அதைத் தொடவில்லை.

கடைசி வேலை: சாவி யாரிடம்?

எல்லாம் உங்கள் போனில், உங்கள் விரல் ரேகைக்குப் பின்னால் இருந்தால், நீங்கள் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது யார் திறப்பது? குடும்ப ஃபோல்டரை டிரைவிலேயே இன்னொருவருடன் பகிர்ந்து வையுங்கள். நான் அக்காவோடு பகிர்ந்திருக்கிறேன். கூகுள் கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடாமல் விட்டால் அதை நிறுவனமே நீக்கலாம். அமைப்புகளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று இருக்கும். உங்கள் கணக்கு இத்தனை மாதம் அசைவற்றுக் கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், யார் கோப்புகளை எடுக்கலாம் என்று அதில் இப்போதே எழுதி வைக்கலாம். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு முறையும் சரிபார்க்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் கணக்குக்குப் போட்டுவிடுங்கள், அதற்கான அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதி அசல் ஃபைலில் வையுங்கள். ஆமாம், தாளில்தான்.

வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும், மொத்த ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து அக்கா வீட்டில் கொடுத்துவிடுகிறேன். ஒரு நகல் இணையத்தில், ஒன்று வேறு ஊரில்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நீங்கள் பேசாமல் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இன்னொருவரிடம் "கடைசியா கட்டின வீட்டு வரி ரசீது எடு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் எடுத்தால் சரி. இல்லையென்றால் பெயர்களில் ஏதோ தப்பு, உட்கார்ந்து திருத்துங்கள்.

போன மாதம் அப்பாவுக்கு அடுத்த கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை. நான் ரயிலில் இருந்தேன், சிக்னல் இல்லை. அக்கா கோயம்புத்தூரிலிருந்தே ரத்தப் பரிசோதனை முடிவையும் புது இசிஜியையும் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டாள். அப்பாவுக்கும் அனுப்பினாள். அவர் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டையும் பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்து, நீலப் பையில் வைத்திருக்கிறார்.